ஹார்ட்லிபூலின் குரங்கு – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மதுரைப் பக்கத்துக்காரன். இரண்டு வருடமாக இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்லிபூல் என்ற ஊரில் வேலை பார்க்கிறேன். உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் இந்த ஊரின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊர்க்காரர்களை வெளியூர்க்காரர்கள் ‘மங்கி ஹேங்கர்’ என்பார்கள். குரங்கைத் தூக்கில் போட்டவன் என்று அர்த்தம். நெப்போலியன் காலத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் இங்கே உடைந்து மூழ்கியதாம். கரை ஒதுங்கியது ராணுவச் சட்டை போட்ட ஒரு குரங்கு மட்டும்தான். மீனவர்கள் அதுவரை பிரெஞ்சுக்காரனையும் பார்த்ததில்லை, குரங்கையும் பார்த்ததில்லை. அது கீச்சிட்டது பிரெஞ்சு என்று நினைத்து, உளவாளி என்று மணலிலேயே விசாரித்துத் தூக்கில் போட்டுவிட்டார்களாம். இது நடந்ததா? அது குரங்கே அல்ல, போர்க்கப்பலில் வெடிமருந்து சுமக்கும் சிறுவன், அந்தச் சிறுவர்களைப் ‘பவுடர் மங்கி’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். எது சரி?

இன்னொன்று. இங்கே ‘டிரிங்கோமலி’ என்று ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. நம் திருகோணமலை! தமிழர்கள் யாரும் ஏன் இதைப் பெருமையாகப் பேசவில்லை?

கடைசியாக, போன மாதம் பக்கத்து ஊரான டார்லிங்டனில் கால்பந்து பார்க்கப் போனேன். என்னையும் ‘மங்கி ஹேங்கர்’ என்று கத்தினார்கள். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. என் நிறத்தைப் பார்த்துச் சொன்னார்களோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

ம.

—

அன்புள்ள தம்பி,

போன வாரம் பழைய பெட்டி ஒன்றைக் கிளறியபோது ஒரு நுழைவுச்சீட்டு கிடைத்தது. 2003இல் ஹார்ட்லிபூலில் வாங்கியது. அதன்மேல் என் ஊர்ப் பெயர் அச்சடித்திருக்கிறது. தூக்கிப் போட மனம் வராமல் மேசையிலேயே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. நான் பிறந்தது திருகோணமலை. நாங்கள் திருமலை என்போம்.

கடைசிக் கேள்விதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கத்தியதில் நீங்கள் குரங்கு இல்லை, குரங்கைத் தொங்கவிட்ட ஆள். டார்லிங்டன்காரன் ஒருவன் உங்களைப் பார்த்து அப்படிக் கத்தினால், அவன் கண்ணுக்கு நீங்கள் ஹார்ட்லிபூல்காரனாகிவிட்டீர்கள். நாற்பது வருடம் அங்கே இருந்தவர்களுக்குக்கூட எளிதில் கிடைக்காத பட்டம் அது. ஆனால் ‘ஹேங்கர்’ என்ற பாதி இல்லாமல் முன்பாதியை மட்டும் எவனாவது சொன்னால் சிரித்து மழுப்பாதீர்கள். அங்கேயே மைதானக் காவலரிடம் போய்ச் சொல்லுங்கள். நாசூக்குப் பார்க்க வேண்டாம். சரி, இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.

குரங்கைத் தூக்கில் போட்டார்களா? இல்லை. கப்பல் உடைந்ததற்கும் குரங்கு ஒதுங்கியதற்கும் அந்தக் காலப் பதிவு எதையும் யாரும் இதுவரை காட்டவில்லை. 1850களில் நெட் கோர்வன் என்ற நியூகாசில் மேடைப் பாடகர் ஹார்ட்லிபூல் மீனவர்களைக் கிண்டல் செய்து ஒரு குரங்குப் பாட்டுப் பாடினார். கதை நம் கைக்கு வருவது அங்கிருந்துதான். இதே கதையை ஸ்காட்லாந்தில் போடம் என்ற மீனவக் கிராமத்தின் தலையிலும் கட்டியிருக்கிறார்கள், கார்ன்வாலில் மெவாகிசி தலையிலும் கட்டியிருக்கிறார்கள். மூன்று ஊரில் மூன்று குரங்கா ஒதுங்கியிருக்கும்?

உங்கள் நண்பரை என் சார்பில் நாலு வார்த்தை திட்டுங்கள். குரங்குக்கே சாட்சி இல்லாதபோது அது உண்மையில் ஒரு சிறுவன் என்று எங்கிருந்து வந்தது? கப்பல் இல்லை, விசாரணை இல்லை, பிணம் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து கயிற்றில் மாட்டினால்தான் சிலருக்குத் திருப்தி. பொய்க்கதைக்கு மெய்யான பிணம் தேடுகிற வேலை இது. எங்கள் பக்கத்திலும் இந்த வகை ஆட்கள் உண்டு. பாட்டி சொன்ன பேய்க்கதையைக் கேட்டுவிட்டு, ‘அது பேய் இல்லை, உண்மையில் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு பெண்’ என்று தொடங்குவார்கள். ஒரு கேலியைக் கேலியாக விட்டுவைக்க இவர்களுக்கு மனசே வராது. ஓர் ஊர் மக்கள் முழுவதையும் கொலைகாரர்களின் பேரப்பிள்ளைகள் ஆக்குகிறோமே என்ற கூச்சமும் கிடையாது.

கப்பல் விசயத்தில் உங்களுக்கும் கொஞ்சம் திட்டு உண்டு. ‘தமிழன் கப்பல்’ என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுத்தானே எழுதினீர்கள்? அந்தக் கப்பலைக் கட்டியது பம்பாயில், பார்சிகளான வாடியா குடும்பத்தார். மரம் மலபார்த் தேக்கு. 1817 ஒக்டோபரில் வெள்ளோட்டம் விட்டார்கள். வரைபடங்கள் முதலில் ஜாவா என்ற கப்பலில் அனுப்பப்பட்டு, அதை 1812இல் அமெரிக்கர்கள் பிரேசில் கரையோரம் பிடித்ததில் கடலோடு போயின. மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வரைபடத்துக்கும் மூலம் எது தெரியுமா? 1782இல் ஆங்கிலேயர் பிடித்த ‘எபே’ என்ற பிரெஞ்சுக் கப்பல். அதே 1782இல்தான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் எங்கள் திருமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடுங்கினார். சில நாளில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கடற்சண்டை. வென்றது யார் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளக்கூடிய சண்டை. அதன் நினைவாகத்தான் கப்பலுக்கு அந்தப் பெயர். பிரெஞ்சு அச்சில், இந்திய மரத்தில், பார்சிக்காரர் கட்டிய ஆங்கிலக் கப்பல். இதில் எங்கள் பங்கு பெயர் மட்டும்தான், அதையும் எங்களைக் கேட்டு எடுக்கவில்லை. பெருமைப்பட என்ன இருக்கிறது? பிரெஞ்சு உளவாளி என்று குரங்கைத் தொங்கவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஊர், பிரெஞ்சு வார்ப்பில் பிறந்த கப்பலைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறது. அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது போதும் எனக்கு.

நீங்கள் கேட்காத விசயம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

குரங்கு உண்மையா என்று இருநூறு பேர் கேட்டுவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லி முதலில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. நீங்கள் இப்போது ஹார்ட்லிபூல் என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு ஊர். கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற முனை பழைய ஊர். மீனவர் ஊர், மதில் கட்டிய ஊர். ஹில்டா என்ற துறவி 649இல் அங்கே மடத்துத் தலைவியாக இருந்தார், அப்புறம்தான் விட்பிக்குப் போனார். ஸ்காட்லாந்து அரசனான ராபர்ட் புரூஸின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த துறைமுகமும் அதுதான். அந்தப் பழம்பெருமை எல்லாம் மங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும்போது வலையும் படகுமாக ஓய்ந்து கிடந்தது.

அப்புறம் நிலக்கரியும் ரயிலும் வந்தன. பழைய ஊர்க்காரர்களும் ஒரு துறைமுகம் தோண்டினார்கள். பக்கத்து ஸ்டாக்டனிலிருந்து ரால்ஃப் வார்ட் ஜாக்சன் என்ற வக்கீல் வந்து, வளைகுடாவின் மறுபக்கம் மணல்மேட்டில் போட்டிக்கு இன்னொன்று தோண்டினார். 1847இல் அது திறந்தது. அதைச் சுற்றி ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் ஊர் முளைத்தது. பெயர் மேற்கு ஹார்ட்லிபூல். வேலை தேடி எங்கெங்கிருந்தோ ஆள் வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அறுபதாயிரம் பேர். பழைய ஊரில் அதில் பாதிகூட இல்லை. நேற்று முளைத்த ஊருக்கு அகலத் தெரு, பெரிய தேவாலயம், காஸ் விளக்கு. ஆயிரத்து இருநூறு வருடத்து ஊரில் சந்துகளும் மீன் நாற்றமும்.

இப்போது பாட்டின் காலத்தைப் பாருங்கள். 1850கள். மேற்கு ஊர் திமுதிமுவென்று வளர்கிற நேரம். கொட்டகையில் உட்கார்ந்து கேட்டிருப்பவர்களில் பாதிப்பேர் புதிதாக வந்த தொழிலாளர்கள். அவர்கள் சிரிக்க யார் வேண்டும்? உலகம் தெரியாதவன், குரங்குக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் வித்தியாசம் தெரியாதவன், அதாவது முனையில் இருக்கிற மீனவன். இது என் ஊகம்தான். ஆனால் குரங்கு அந்த மணலுக்கு நெப்போலியன் கப்பலில் வரவில்லை, ஜாக்சனின் ரயிலில்தான் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு ஊரும் தனித்தனி நகரசபையோடு நூறு வருடத்துக்கு மேல் முகம் திருப்பிக்கொண்டிருந்தன. நாடாளுமன்றத்துக்கு மட்டும் 1868 முதல் ஒரே தொகுதி, ‘தி ஹார்ட்லிபூல்ஸ்’ என்று பன்மையில். 1908இல் கால்பந்துக் கழகம் தொடங்கியபோதும் யாருக்கும் மனக்கசப்பு வராமல் ஹார்ட்லிபூல்ஸ் யுனைடெட் என்று வைத்தார்கள். ஒரு ‘ஸ்’தான் அந்த ஊரின் சமாதான ஒப்பந்தம். 1967இல் இரண்டு சபையையும் சேர்த்து ஒரே ஹார்ட்லிபூல் ஆக்கினார்கள். அடுத்த வருடமே கழகம் ‘ஸ்’ஸை விட்டுவிட்டது. ஆனால் ரக்பியில் ஹார்ட்லிபூல் ரோவர்ஸ் வேறு, வெஸ்ட் ஹார்ட்லிபூல் வேறு, இன்றுவரை. ரக்பிக்காரர்களிடம் சமாதானம் பேச யார் போவது?

கவனித்தீர்களா? சேர்ந்தபோது பணமும் சனமும் மேற்கில், பெயர் மட்டும் பழைய ஊருடையது. பெயரை எடுத்தவர்கள் குரங்கையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. சீதன வீட்டோடு அடமானமும் வந்த மாதிரி. யாருடைய தாத்தா அந்தப் பாட்டுக்குக் கொட்டகையில் சிரித்தாரோ, அவருடைய பேரனைப் பார்த்துத்தான் இன்று டார்லிங்டன்காரன் கத்துகிறான்.

நடுவில் ஒருமுறை மட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தன. 1914 டிசம்பர் 16 காலை எட்டு மணி தாண்டி, செய்ட்லிட்ஸ், மோல்ட்கே, ப்ளூகர் என்று மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் வந்து நாற்பது நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டு பொழிந்தன. முனையிலிருந்த மூன்றே மூன்று பீரங்கிகள் திருப்பிச் சுட்டன. (அந்தப் பீரங்கி மேட்டின் பெயரை ‘ஹியூ’ என்று எழுத்தைப் பார்த்து வாசித்துவிடாதீர்கள், ‘யஃப்’ என்பார்கள். தப்பாகச் சொன்னால் அன்றைக்கே வெளியூர்க்காரன் ஆகிவிடுவீர்கள்.) பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள், வேலைக்குப் புறப்பட்டவர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் மண்ணில் எதிரியின் குண்டுக்கு முதலில் பலியான சிப்பாய் தியோஃபிலஸ் ஜோன்ஸ் அன்று அங்கேதான் விழுந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரண்டு நகரசபை இருப்பது ஜெர்மன் பீரங்கிக்குத் தெரியாது. தெரு பார்க்காமல் விழுந்தது. இரண்டு வருடம் கழித்து செப்பெலின் என்ற ஜெர்மன் ஆகாயக்கப்பல் வந்து கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மேடையை எரித்தது. கழகம் ஜெர்மன் அரசிடம் நஷ்டஈடு கேட்டு எழுதியது என்றால் நம்புவீர்களா? இந்த ஊரை எனக்குப் பிடித்துப்போனதற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம்.

நான் ஹார்ட்லிபூலுக்குப் போனது 2003இல் என்றேன் அல்லவா? நியூகாசிலில் படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்க்க வந்திருந்தேன். ரயிலடியில் நான் ஏறிய டாக்ஸியின் ஓட்டுநர் தெரு திரும்புவதற்குள் சொன்னார், “எங்கள் மேயர் ஒரு குரங்கு.” அரசியல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே அப்படித்தான். முந்தைய வருடம் கால்பந்துக் கழகத்தின் குரங்கு வேசம் போடுகிற ஸ்டுவர்ட் டிரம்மண்ட் என்ற இளைஞர், பள்ளிப்பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று சொல்லி மேயர் தேர்தலில் நின்று ஜெயித்துவிட்டார். கட்சிகள் வாய் பிளந்து நின்றன. விளையாட்டுக்குப் போட்ட வாக்கு என்று லண்டன் பத்திரிகைகள் சிரித்தன. 2005இலும் 2009இலும் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள், வேசம் இல்லாமல். அதற்குப் பிறகு யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

அதே ஊரின் அப்போதைய எம்.பி. பீட்டர் மேண்டல்சன். மீன் வறுவல் கடையில் பச்சைப் பட்டாணி மசியலைக் காட்டி ‘அந்த அவகாடோ சட்னி கொஞ்சம்’ என்று கேட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை. அதுவும் பொய். கேட்டது அவர் இல்லை. ஆனால் இதையும் குரங்குக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வந்தவன் யார் என்று ஊருக்குத் தெரியவில்லை. மற்றதில் ஊர் தின்பது என்ன என்று வந்தவனுக்குத் தெரியவில்லை. நூற்றைம்பது வருடம் கழித்துப் பதிலுக்கு ஒன்று கட்டிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கப்பலைப் பார்க்கப் போனேன். ஜாக்சன் டாக், அந்த வக்கீலின் பெயர்தான். ஏப்ரல், ஆனாலும் காற்று காதை அறுத்தது. பலகையில் பொன்னிற எழுத்தில் என் ஊர். முகப்பில் தலைப்பாகை கட்டிய ஒரு மரச்சிற்பம், எங்கள் ஊரில் எவரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. சுற்றிக் காட்டியவர் எழுபதை நெருங்குகிறவர். பையனாக வில்லியம் கிரே கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்து, அது 1960களின் தொடக்கத்தில் மூடியதும் தெருவுக்கு வந்தவர். பிறகு வாரியர் என்ற பழைய இரும்புக் கப்பலை இந்த ஊரில் செப்பனிட்டபோது கூப்பிட்டார்களாம். 1987இல் அதைப் போர்ட்ஸ்மவுத்துக்கு அனுப்பினார்கள், அதே வருடம் அங்கிருந்து டிரிங்கோமலி வந்தது. “நல்லதைக் கொடுத்து ஓட்டையை வாங்கினோம்” என்றார். ஓட்டையைச் சரிசெய்ய 2001 வரை ஆயிற்று.

கீழ்த்தளத்தில் குனிந்துதான் நடக்க வேண்டும். ஒரு விலாமரத்தில் கையை வைக்கச் சொன்னார். பழைய தேக்கு கறுத்து, எண்ணெய் பூசினது போல வழவழவென்று இருந்தது. பக்கத்தில் புதிதாகச் செருகிய துண்டு வெளிறிச் சொரசொரவென்று. இரண்டும் சேர்கிற கோட்டை விரல் நகத்தால் தேடினேன், அகப்படவில்லை. அதைத்தான் அவர் காட்ட விரும்பியிருக்கிறார், முகத்தில் தெரிந்தது.

அவர் முனையில் பிறந்தவர், மனைவி மேற்கு. “கலப்புத் திருமணம்” என்றார் சிரிக்காமல். கல்யாணமாகி நாற்பது வருடமாகியும் அந்த அம்மா முனையை ‘அங்கே’ என்றுதான் சொல்வாராம். இந்தக் கப்பலும் மேற்குக் கப்பல்தானாம், 1860களிலேயே அங்கே பயிற்சிக் கப்பலாக நின்றதாம். “எங்கள் பக்கத்துக்கு வந்ததே இல்லை, பாருங்கள்.”

நான் அந்தப் பெயருள்ள ஊரிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. வருடக்கணக்கில் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அப்படி ஓர் இடத்தில் ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள் என்று தோன்றியதே இல்லையாம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர் கேட்ட முதல் கேள்வி, “உங்களை மற்ற ஊர்க்காரர்கள் என்னவென்று கூப்பிடுவார்கள்?”

எனக்குச் சட்டென்று எதுவும் வரவில்லை. எங்கள் ஊரும் ஒரு முனைதான், கோட்டைக்குள் மான்கள் திரியும் என்றேன். காட்டு மான் அல்ல, ஊர் மான். பஸ் நிலையத்தில் நின்று வாழைப்பழத் தோல் தின்னும், கடதாசி தின்னும், வேலிக்குள் தலையைவிட்டுப் பூச்செடியை மேயும், யாரும் அடிக்க மாட்டார்கள் என்றேன். அவர் கண் விரிந்தது. ஹார்ட்லிபூல் என்ற பெயரே மானில் தொடங்குவதுதான். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பே பீட் என்ற துறவி அதை மான் தீவு என்று எழுதிவைத்திருக்கிறார். ஊரின் பழைய முத்திரையிலும் குட்டையில் நிற்கிற ஒரு கலைமான், அதன் முதுகில் பாய்ந்து கடிக்கும் நாய்.

“எங்களிடம் முத்திரையில் மட்டும்தான் மிச்சம்” என்றார். அப்புறம் படியேறும்போது திரும்பி, “கடதாசியா தின்னும்?” என்று மறுபடி கேட்டார்.

தின்னும் என்றேன். எங்கள் அம்மாவின் ரேஷன் கார்டையே தின்றிருக்கிறது.